பதில் சொல்கிறவள்

ஜெபமாலையின் பெரிய மணியைத் தள்ளிவிட்டு, அடுத்த சின்ன மணியின்மேல் அம்மாவின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்தாள் குட்டி. மூன்றாவது பத்து ஆரம்பம். மணி இரண்டே கால். நாலு மணிக்குள் பல் செட் டாக்டர் கைக்குப் போயாக வேண்டும்.

“அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று தொடங்கி, முதல் பாதியை அம்மா ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டுக் குட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

குட்டி பதில் சொல்லவில்லை. கட்டில் கம்பியில் கிடந்த ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். அம்மா மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தி. குட்டி கதவைச் சாத்தினாள். ஆறு வருடத்தில் பகலில் அந்தக் கதவு சாத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. தலையில் பாதி நரைத்த பிறகும் வீட்டுக்கும் தெருவுக்கும் அவள் குட்டிதான். அம்மா ஊருக்கெல்லாம் டைப் டீச்சர். முப்பது வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள். விசையைப் பார்த்து அடிக்கிற பிள்ளைகளின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிவிட்டு அடிக்கச் சொல்வாளாம். வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபமாலையும் அதே கண்டிப்போடுதான் நடக்கும். முதல் பாதியை அம்மா சொல்வாள். அப்பா இருந்தவரை அவரும், அண்ணனும் குட்டியும் முழங்காலில் நின்று மறுபாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். அண்ணன் கொட்டாவி விட்டால் அந்தப் பத்து முதலிலிருந்து ஆரம்பமாகும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. மகள் பேர் வரவில்லை, தண்ணீர் என்ற சொல் வரவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில், சும்மா ஒரு ஆறுதலுக்காகக் குட்டி ஜெபமாலையை அவள் இடது கையில் கொடுத்தாள். அம்மா வாயைத் திறந்தாள். “அருள் நிறைந்த மரியே வாழ்க” முழுசாக, தெளிவாக வந்தது. முதல் பாதி மட்டும். மறுபாதிக்கு உதடு அசைந்ததே தவிர ஒன்றும் வரவில்லை.

“பேச்சு இருக்கிற இடம் வேற, மனப்பாடம் இருக்கிற இடம் வேற. பல வருஷமா வாயில ஊறினது மட்டும் மிஞ்சும்” என்றார் டாக்டர்.

வாயில் ஊறியது அந்தப் பாதிதான். பதில் எப்போதும் மற்றவர்களுடையது.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான் பேச்சு. வேகமாகச் சொல்லி ‘வாழ்க’வில் நிறுத்தினால் பசி. இழுத்து இழுத்துச் சொன்னால் படுக்கை நனைந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தையும் தட்டச்சு அடிப்பதுபோல வெட்டி வெட்டிச் சொன்னால் கோபம். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவனைப் பார்த்து அம்மா “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்றபோது, அவன் பயந்துபோய் “வாழ்கம்மா, வாழ்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். குட்டி அன்றைக்கெல்லாம் சிரித்தாள்.

அவள் வேலை செயற்கைப் பல் கட்டுவது. பல் டாக்டர் அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, பல் அடுக்கி, வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் தர வேண்டும். முன்பு லேபில் ஒன்பது பேரோடு உட்கார்ந்து செய்தது, இப்போது வீட்டுப் பால்கனியில். அம்மாவின் பல் செட்டும் அவள் செய்ததுதான். “பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எங்க வீட்டுல பல்லு கல்லு மாதிரி இருக்கு டாக்டர், சொல்லுதான் போயிடுச்சு” என்று ஒரு தடவை பல் டாக்டரிடம் சொல்லிச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

பதில் வராமல் அம்மாவின் விரல் அடுத்த மணிக்குப் போகாது. அதுதான் சட்டம். திரும்பத் திரும்ப, குரலை ஏற்றி ஏற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். குட்டி முகத்தில் சோப்போடு குளியலறையிலிருந்து பதில் சொல்லியிருக்கிறாள். காதில் போனோடு, வாயில் மாஸ்க்கோடு, பாதித் தூக்கத்தில். பத்து முடிந்தால் நேரில் வர வேண்டும். பெரிய மணிக்குரிய ஜெபம் அம்மாவிடம் மிஞ்சவில்லை. குட்டிதான் அதைச் சொல்லி, மணியைத் தள்ளிவிட்டு, விரலை எடுத்து வைக்க வேண்டும். காலையில் ஐம்பத்து மூன்று மணி, மதியம் ஐம்பத்து மூன்று, சாயங்காலம் ஐம்பத்து மூன்று.

அன்றைக்கு ஒரு மணிக்கு அண்ணன் பேசினான். ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறவன்.

“குட்டி, கோவிச்சுக்காத. இருபதாம் தேதி என்னால வர முடியாது போலிருக்கு.”

“வர்றேன்னு சொன்னியேண்ணா. மூணே மூணு நாள்.”

“சொன்னேன்தான். இங்க உங்க அண்ணியோட அம்மா விழுந்ததிலேருந்து படுக்கையா கிடக்கிறாங்க. எப்படி விட்டுட்டு வர்றது?”

“பேர் குடுத்தாச்சுண்ணா. கம்ப்யூட்டர்ல பல் டிசைன் பண்ற பயிற்சி. டாக்டரம்மா எனக்காகப் பேசி வாங்கின இடம்.”

“அடுத்த வருஷம் நடத்தாமலா போயிடுவாங்க?”

அப்போது உள்ளேயிருந்து அம்மா சொல்லத் தொடங்கினாள். குட்டி போனை மூடிக்கொண்டு பதில் சொன்னாள்.

“அம்மாவா? எவ்வளவு கணீர்னு ஜெபம் பண்றாங்க” என்றான் அண்ணன். “இந்தப் புண்ணியமெல்லாம் உனக்குத்தான் குட்டி.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். கஞ்சி கொடுத்தாள். வாய் துடைத்து, ஈறு புண்ணாகியிருந்ததால் கீழ் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். ஜெபமாலையைக் கையில் கொடுத்தாள். இரண்டு பத்துக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதுக்குத்தான் முடியவில்லை.

பால்கனிக்கு வந்து மோட்டாரைப் போட்டாள். பல்லைப் பளபளப்பாக்கும் துணிச் சக்கரம் சுழல ஆரம்பித்தது. யாரோ ஒரு ரிட்டயர்டு கண்டக்டரின் மேல் செட். தூரிகையில் தேய்த்தது போதாதென்று சக்கரத்தில் கொடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தத்துக்கு அடியில் அம்மாவின் குரல் கேட்டது. வேகத்தைக் கூட்டினாள். கேட்கவில்லை.

வேலை முடிந்தது. செட்டைக் கழுவித் தண்ணீரில் போட்டாள். மோட்டாரை நிறுத்தவில்லை. வெறும் சக்கரம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு, மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

நிறுத்தியபோது வீடு அமைதியாக இருந்தது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்தாள். டீ போட்டாள். உட்கார்ந்து குடித்தாள். நாக்கைச் சுடுகிற பதத்தில் டீ குடித்து எத்தனை நாளாயிற்று! இரண்டு பிஸ்கட் தின்றாள். ஜன்னல் வழியாக எதிர் மாடியில் ஒருத்தி துணி மடிப்பதை ஒவ்வொரு துணியாகப் பார்த்தாள். வாழ்க்கையில் நல்ல பத்து நிமிஷம் என்று கேட்டால் அதைச் சொல்லலாம்.

அப்புறம் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

அம்மாவின் தலை கதவுப் பக்கமாகத் திரும்பியிருந்தது. தொடுவதற்கு முன்பே குட்டிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் குட்டியின் வாய் தானாகத் திறந்து, விட்டுப்போன பதிலைச் சொல்ல ஆரம்பித்தது. “…இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும்.” ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவைக்கு மேல் சொன்ன வார்த்தை. அதில் இறப்பு என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் காதால் கேட்டாள். ஆமென் சொல்ல வரவில்லை.

அம்மாவின் கையை எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு மணி சிக்கியிருந்தது. எண்ணினாள். பெரிய மணிக்கு அடுத்து ஏழு மணி தாண்டி, எட்டாவது. நம்பாமல் மறுபடி எண்ணினாள். எட்டாவதுதான். பதில் இல்லாமல் ஒரு மணிகூட நகர்த்தாத விரல் ஏழு மணி நகர்ந்திருந்தது.

கிண்ணத்திலிருந்து கீழ் செட்டை எடுத்துக் கழுவினாள். வாய் இறுகுவதற்கு முன்னால் பொருத்திவிட வேண்டும். பல் கட்டுகிறவளுக்கு அது தெரியும். தாடையைப் பிடித்து, இடது பக்கம் முதலில் நுழைத்து, கட்டைவிரலால் அமுக்கினாள். டிக் என்று உட்கார்ந்தது. அம்மாவின் முகம் டைப் டீச்சர் முகமாயிற்று. பிறகுதான் மாடிக்கு ஓடினாள்.

மேல் வீட்டு அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவள். காலை ஷிப்ட் முடிந்து படுத்திருந்தாள். வந்து நாடி பார்த்தாள். அம்மாவின் கண்ணை மூடிவிட்டாள். இரண்டு பேருமாகத் துடைத்து உடை மாற்றினார்கள்.

“மாலைய எடு குட்டி, கைய மடக்கணும்.”

“அது அப்படியே இருக்கட்டும்கா.”

அக்கா அவளை ஒரு தடவை பார்த்தாள். மணியோடு சேர்த்தே கையை மடக்கி வைத்தாள். வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிற போக்கில், “மெஷின் ரொம்ப நேரம் ஓடிச்சு இன்னிக்கு” என்றாள்.

“ஆமாக்கா.”

அக்கா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அண்ணனும் அண்ணியும் மறுநாள் விடிந்து வந்தார்கள். அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதுக்காரன், ஏங்கி ஏங்கி அழுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“கடைசியா என்ன சொன்னாங்க குட்டி?”

“எப்பவும் சொல்றதுதான்.”

“ஜெபமா?”

“ம்.”

“நீ பக்கத்துல இருந்தியா?”

அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு இன்னும் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

“இருந்தேன்” என்றாள் குட்டி.

“பதில் சொல்லிக்கிட்டு இருந்தியா?”

“ம்.”

அண்ணன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். “போதும். எனக்கு இது போதும்” என்றான்.

அவனுக்குப் போதுமாயிருந்தது மற்றவர்களுக்கும் தேவைப்பட்டது. வருகிற ஒவ்வொருவரிடமும் அவனே சொன்னான். அம்மா சொல்ல, தங்கச்சி பதில் சொல்ல, அப்படியே உயிர் பிரிந்ததாம். ஒன்பது மணிக்கு ‘பதில் சொல்ல’ என்று இருந்தது, பதினோரு மணிக்கு ‘மடியில் படுக்கவைத்துப் பதில் சொல்ல’ என்று ஆகியிருந்தது. பெண்கள் வந்து குட்டியின் கையைப் பிடித்துத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “குடுத்து வச்சவ நீ” என்றார்கள். அவள் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து குழாயடிக்குப் போகப் பார்த்தால் யாராவது ஒருத்தி பிடித்து உட்கார்த்தினாள். “நீ செஞ்சது போதும்மா, இன்னிக்காவது உக்காரு.”

மாதா சபைத் தலைவி பதினைந்து பெண்களோடு வந்தாள். கைப்பையிலிருந்து பஞ்சு சுற்றிய டப்பியை எடுத்துத் திறந்தாள். முத்துப்போல வெள்ளை மணிகள், வெள்ளிச் சிலுவை.

“ஃபாதர் கையால மந்திரிச்ச புது ஜெபமாலை. டீச்சருக்கு இதுதான் போடணும். அது என்ன, நூல் வச்சுக் கட்டியிருக்கு?”

“நடுவுல ரெண்டு இடம் அறுந்துச்சு. நான்தான் கட்டுனேன்.”

“அதான் பாரு. இதோடயா அனுப்புறது?” என்று சொல்லி, அவள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். விறைத்திருந்தது. பலமாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

குட்டி எழுந்து நின்றுவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அடுத்து ஏன் என்று கேட்பார்கள். எட்டாவது மணி விரலிலிருந்து நழுவி, மற்ற மணிகளோடு கலந்து தொங்கியது. தலைவி அதைச் சுருட்டிக் குட்டியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“நீ வச்சுக்கோ. ஞாபகத்துக்கு.”

ஜெபமாலை தொடங்கியது. மூத்த பிள்ளை என்று அண்ணனை முதல் பாதி சொல்லச் சொன்னார்கள். அவன் நாலாவது மணியிலேயே ஆண்டவர் வரும் வரியையும் ஆசி வரும் வரியையும் முன்னே பின்னே மாற்றிப் போட்டுவிட்டு விழித்தான். அண்ணி முழங்கையால் இடித்தாள். பதினைந்து பெண்களும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். குட்டியின் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கும் சத்தம் கேட்டிருக்காது.

நாலு மணிக்குக் கோயிலில் பூசை. பங்குத்தந்தை சின்ன வயசுக்காரர், நல்ல மனிதர். “மரணம் இப்படி வர வேண்டும்” என்று பிரசங்கத்தில் சொன்னார். “ஒரு தாய் அழைக்கிறாள், ஒரு மகள் பதில் சொல்கிறாள். அந்தப் பதில் முடிவதற்குள் தாய் விண்ணகத்தில் இருக்கிறாள்.” முன் வரிசையில் குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தங்கள் வந்தன. மேல் வீட்டு அக்கா மட்டும் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண் போட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்த நாள் மதியம் அண்ணனும் அண்ணியும் கிளம்புவதாக இருந்தது. அண்ணி பெட்டி அடுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“இனிமே தனியா இங்க என்ன பண்ணப் போற குட்டி? எங்ககூட வந்துடு.”

“வேலை இருக்குண்ணி.”

“பல்லு அங்கயும் கட்டலாமில்ல? எங்கம்மாவ நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு. வேலைக்கு வைக்கிறவங்க ஒரு வாரம் நிக்க மாட்டேங்குறாங்க. உன்ன மாதிரி பாத்துக்க யாரால முடியும்? ஃபாதரே சொன்னாரே.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். குட்டி அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நான் பக்கத்துல இல்ல.”

“எப்போ?”

“அம்மா போறப்போ. பதில் சொல்லல. கதவ சாத்திட்டு வந்து மோட்டார போட்டுட்டேன். வேலை முடிஞ்ச பிறகும் சும்மா ஓட விட்டேன். அம்மா கூப்பிட்டது கேட்கக் கூடாதுன்னு.”

அண்ணன் குழாயைத் திறந்தான். கை கழுவ ஒன்றுமில்லை. மூடினான்.

“நீ போன் பண்ணி வர முடியாதுன்னு சொன்னியே, அதுக்கப்புறம்தான்” என்றாள் குட்டி. “திரும்ப வந்து பாத்தப்போ ஜெபமாலைல ஏழு மணி தள்ளியிருந்துச்சுண்ணா. நான் சொல்லாம அம்மா ஒரு மணி தள்ள மாட்டாங்க. உனக்குத் தெரியும்ல? ஏழு மணி எப்படித் தள்ளுனாங்க? அவங்களே பதிலும் சொல்லிக்கிட்டாங்களா? இல்ல, பரவாயில்லன்னு விட்டுட்டாங்களா?”

அடுப்பு மேடையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. பக்கத்து அறையில் அண்ணி பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அவங்களுக்கு நேரம் வந்துடுச்சு, போயிட்டாங்க” என்றான் கடைசியில். “நீ தேவையில்லாம மனசப் போட்டுக் குழப்பிக்காத. இத யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத. ஃபாதர் வேற கோயில்ல வச்சுச் சொல்லிட்டாரு.”

“சரி.”

“ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போடட்டுமா உனக்கு?”

குட்டி பதில் சொல்லவில்லை. அண்ணன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டான்.

போகும்போது அண்ணி ஒரு காகிதத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, உப்பு ஜாடியைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். “எங்கம்மாவோட மாத்திரை நேரமெல்லாம் எழுதியிருக்கேன். வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்து வச்சுக்கோ.”

அவர்கள் போன பிறகு குட்டி கட்டில் விரிப்பை உருவித் துவைக்கப் போட்டாள். ரப்பர் ஷீட்டைத் துடைத்துச் சுருட்டினாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தலை சீவி, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு இறங்கினாள். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு யாருமில்லை. கால் போன பக்கம் போனாள்.

டாக்டர் கிளினிக் வரைக்கும்தான் அவளுக்குத் தெருக்கள் பழக்கம். அதைத் தாண்டி நடந்தாள். ஒரு தியேட்டர் இருந்த இடத்தில் பெரிய துணிக்கடை வந்திருந்தது. பாலத்துக்குக் கீழே புதிதாக ஒரு பூங்கா இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு கிழவர்கள் முட்டிவலிக்கு எண்ணெய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பூனைக்குக் கயிறு கட்டி நடத்திக்கொண்டு போனாள். பூனை வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. குட்டிக்குச் சிரிப்பு வந்தது. காற்று நன்றாக இருந்தது. காலை நீட்டிக்கொண்டாள்.

சட்டென்று எழுந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள், துணிக்கடை தாண்டியதும் ஓடவே ஆரம்பித்தாள். சிக்னலில் ஒரு வண்டிக்காரன் கத்தினான். கிளினிக் வாசலில் கம்பவுண்டர் ஏதோ கேட்டார், நிற்கவில்லை. மூன்று மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி, சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தாள்.

நாற்பது நிமிஷம். டாக்டரிடம் செட் கொடுக்கப் போகும்போதெல்லாம் மேல் வீட்டு அக்கா அம்மாவோடு உட்கார்ந்திருக்கிற நேரம் அது. ஆறு வருடத்தில் ஒரு நாளும் குட்டி அதைத் தாண்டியதில்லை.

சாவியைத் திருப்பவில்லை. அதை விட்டுவிட்டு, வந்த படியிலேயே உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

கீழேயிருந்து அக்கா காய்கறிப் பையோடு ஏறி வந்தாள். அவளைப் பார்த்ததும் நின்றாள்.

“என்ன இங்க உக்காந்திருக்க? சாவி மறந்துட்டியா?”

“இல்லக்கா. பூட்டுலயே இருக்கு.”

அக்கா பூட்டைப் பார்த்தாள். வியர்த்திருந்த அவள் முகத்தைப் பார்த்தாள். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“ஓடி வந்தியா?”

“ம்.”

அக்கா மேலே போகவில்லை. பையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அதிலிருந்து ஒரு தக்காளி உருண்டு, இரண்டு படி இறங்கி நின்றது. யாரும் அதை எடுக்கவில்லை.

குட்டி சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.